கழுத்தில் யார் கை?

கதவு சாத்தியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். "அந்தப் பெண்ணை உள்ளே தள்ளிவிட்டு நீங்கள் பாட்டுக்குப் போய்விட்டீர்களே" என்று ஒரு வாசகி கோபித்துக்கொண்டார். நான் எங்கும் போகவில்லை அம்மா. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே கிடக்கும் இரும்பு பெஞ்சில்தான் இருந்தேன். அதே பெஞ்சில் மூன்று பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. உள்ளே கிடப்பவளை எல்லோரும் அணில் என்றுதான் கூப்பிடுவார்கள். குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன் தொடர் ஒன்றில் துள்ளித் திரியும் அணிலுக்கு அவள்தான் குரல் கொடுக்கிறாள். கணவன் ஒலிப்பதிவுக்காரன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் மைக் முன்னால் அவள். காதல் அப்படித்தான் வந்தது, ஹெட்போன் வழியாக.

மாமியாரும் அதே தொழில். குரலம்மா என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர் இல்லை. முப்பது வருஷம் கதாநாயகிகளுக்கு அழுதுகொடுத்தவள். திரையில் கண்ணீர் யாருடையதாக இருந்தாலும் விசும்பல் இவளுடையதுதான்.

நான்காவது ஆள் அணிலைப் பெற்றவள், தையற்காரம்மா. கடைத்தெருவில் ஒற்றை ஷட்டர் போட்ட தையல் கடை. கணவர் இல்லை. ஒரே பெண். அந்தப் பெண்ணுக்குத்தான் தொண்டை வலி என்று ஆரம்பித்து, குளிர்ஜுரமாகி, கழுத்தைத் திருப்ப முடியாமல் போய், கடைசியில் மூச்சுக்கே பஞ்சம் வந்து கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.

சாதாரணத் தொண்டை வலிக்கு இவ்வளவு வருமா? தையற்காரம்மாவை நேற்றிலிருந்து இந்தக் கேள்விதான் குடைந்துகொண்டிருந்தது.

நேற்று சேர்க்கும்போது மகளுக்கு உடை மாற்றியது அவள்தான். தாடைக்குக் கீழே, இடது பக்கம், கழுத்து வீங்கிக் கன்றியிருந்தது. அளவு நாடா இல்லாமலே கழுத்தளவு சொல்கிறவள் அவள். அந்தச் சிவப்பு ஒரு பெருவிரல் அகலம், காறை எலும்பு வரைக்கும் நீளம். பார்த்ததும் அவளுக்குள் ஏதோ ஒன்று தையல் பிரிந்த மாதிரி பிரிந்துவிட்டது.

அதோடு ஒரு டெலிபோன் பேச்சும் சேர்ந்துகொண்டது. இரண்டு வாரத்துக்கு முன்னால் மகளைக் கூப்பிட்டபோது, அவள் கரகரவென்று "அம்மா" என்று ஆரம்பித்தாள். பின்னாலிருந்து குரலம்மா, "வாயை மூடுன்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது" என்று அதட்டியது தெளிவாகக் கேட்டது. லைன் துண்டிக்கப்பட்டது. மறுபடி கூப்பிட்டதற்கு யாரும் எடுக்கவில்லை.

கன்றிய கழுத்தையும் அதட்டிய குரலையும் கூட்டிப் பார்த்தாள். விடை பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தது. நாம் அவளைக் குறை சொல்ல வேண்டாம். கட்டிக்கொடுத்த பெண்ணின் கழுத்து சிவந்திருந்தால் எந்தத் தாயும் கணக்கை அப்படித்தான் போடுவாள்.

குரலம்மா வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒலிப்பதிவுக்கு முந்தின நாள் யாரும் வாய் திறக்கக் கூடாது. வேண்டியதைச் சைகையில் கேட்க வேண்டும். தொண்டை கட்டியிருந்தால் இரண்டு நாள் மௌனம். கிசுகிசுக்கவும் விடமாட்டாள். கிசுகிசுப்பு கத்துவதைவிடத் தொண்டைக்குக் கெடுதல் என்பது அவளுடைய தொழில் வேதம். அந்த அதட்டலும் அப்படி வந்ததுதான். ஆனால் இதைச் சம்பந்திக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லும் அளவுக்கு அந்த இரண்டு வீடும் ஒட்டவும் இல்லை.

காலையில் டாக்டர் வெளியே வந்தாள். சின்ன வயசுதான். சரியாகத் தூங்காத கண்கள். மூவரையும் நிற்க வைத்தே விவரம் சொன்னாள். தொண்டையில் வந்த கிருமி அங்கேயே நிற்காமல் பக்கத்தில் ஓடும் பெரிய ரத்தக்குழாய்க்குள் இறங்கியிருக்கிறது. தலையிலிருந்து ரத்தத்தைக் கீழே கொண்டுவரும் குழாய் அது. அதற்குள் ரத்தம் கட்டியாக உறைந்துவிட்டது. அந்தக் கட்டியிலும் கிருமி. கட்டியிலிருந்து துணுக்குகள் பிய்ந்து நுரையீரலுக்குப் போய்விட்டன, அதனால்தான் மூச்சுத் திணறல். அபூர்வமான வியாதி, ஆனால் குணமாகக் கூடியது. கிருமியைக் கொல்லும் மருந்தை வாரக்கணக்கில் நரம்பு வழியாக ஏற்ற வேண்டும்.

தையற்காரம்மா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டுத் தன் கேள்விக்கு வந்தாள்.

"கையால அழுத்தினா இப்படி ரத்தம் கட்டுமா டாக்டர்?"

"கழுத்துல பலமா அடிபட்டாலும் கட்டலாம்தான். ஆனா இது அப்படியில்லைம்மா. தொண்டையிலிருந்து வந்தது."

முதல் வாக்கியத்தை உள்ளே விட்டாள் தையற்காரம்மா. மற்றதை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள்.

டாக்டருக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. அது வேறு தினுசு. ரத்த அழுத்தம் ஏற மறுக்கிறது, எவ்வளவு மருந்து ஏற்றியும் பிடிக்கவில்லை, கிருமி மட்டும் காரணமாக இருக்கும் என்று தோன்றவில்லை என்றாள். அவள் ஏதாவது மாத்திரை சாப்பிட்டுவந்தாளா என்று கேட்டாள். முக்கியமாக ஸ்டீராய்டு மாதிரி ஏதாவது.

ஒலிப்பதிவுக்காரன் யோசித்துவிட்டு இல்லை என்றான். அவன் சொல்லி முடிப்பதற்குள் குரலம்மா முந்திக்கொண்டாள். தலைவலிக்குக்கூட எங்கள் வீட்டில் மாத்திரை கிடையாது, வெந்நீரும் உப்பும்தான் என்றாள்.

பாலில் தேன் கலந்த மாதிரி குரல். ஆனால் கண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. தையற்காரம்மா அதைக் கவனித்துவிட்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று மனசுக்குள் ஒரு முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள்.

டாக்டர் போனதும் ஒலிப்பதிவுக்காரனுக்குத் தொழிலிடத்திலிருந்து போன் வந்தது. தொடர் நிற்க முடியாது, அணிலுக்கு வேறு ஒரு பெண்ணை வைத்து முடிக்கப்போகிறார்கள், பதிவுகளை எடுத்துக்கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அவன் தயங்கினான். குரலம்மாதான் போய்வா, இங்கே நாங்கள் இருக்கிறோம் என்று அனுப்பிவைத்தாள்.

பெண்டாட்டி உயிருக்குப் போராடும்போது வேலைக்குப் போகிறான் பார் என்று தையற்காரம்மா நினைத்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் சொல்ல முடியாததை எல்லாம் கைப்பையின் பிடியில் காட்டினாள். அந்தப் பிடி பாவம், நன்றாகக் கசங்கிப்போயிற்று.

ஒலிப்பதிவு அறைக்கு இரண்டு கதவு. வெளிக்கதவு சாத்தினால் தெரு போய்விடும், உட்கதவு சாத்தினால் உலகமே போய்விடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் நின்றது. அணில் குள்ளம், மைக் எட்டுவதற்காக ஒரு மரப்பலகை போட்டு அதில் ஏறி நிற்பாள். பலகை போட்ட இடத்திலேயே கிடந்தது. புதிதாக வரப்போகிறவள் உயரமாக இருந்தால் அதை எடுத்துவிடுவார்கள் என்று அவனுக்குத் தோன்றியது. கண் கலங்கியது.

கொடுக்க வேண்டிய பதிவுகளைச் சரிபார்க்கக் கடைசி நாளுடையதை ஓடவிட்டான்.

காலைப் பதிவில் குரல் சுத்தமாக இல்லை. கீச்சென்று ஏற வேண்டிய இடத்தில் உடைந்து காற்றாக வந்தது. அவனுடைய சொந்தக் குரலும் நடுவில் கேட்டது, இன்றைக்கு விட்டுவிடலாமே என்று. அவள் முடியாது என்றாள். அடுத்து மத்தியானப் பதிவு. கணீரென்று இருந்தது.

அன்றைக்கு அவன் சந்தோஷப்பட்டான். சரியாகிவிட்டது என்று நினைத்து மேலே மேலே பதிவு செய்துகொண்டே போனான். இன்றைக்கு இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டான், நிறுத்திவிட்டு மறுபடியும் கேட்டான். தானாக ஆறும் தொண்டை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறும். இது மூடியைக் கழற்றிய மாதிரி ஒரேயடியாகத் திறந்திருந்தது.

அப்படித் திறக்க என்ன வழி என்று அந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்ல மாட்டார்கள். அவசர மாத்திரை என்பார்கள், டாக்டர் கேட்ட ஸ்டீராய்டுதான் அது. பாட முடியாதவன் பாடுவான், பேச முடியாதவன் பேசுவான், வீக்கம் வடிந்து குரல் வந்துவிடும். உள்ளே புண் அப்படியே இருக்கும்.

அன்று மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்தது யார்? அம்மா. நடைவழியில் இருவரும் நின்று என்னவோ பேசியதை அவனே கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறான்.

பதிவுகளைக் கொடுத்தானா இல்லையா என்று எனக்கே ஞாபகம் இல்லை. மாடிப்படி ஏறி அவன் ஆஸ்பத்திரிக்குள் வந்தபோது மூச்சு வாங்கியது. அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டான். இருவரும் படிக்கட்டுப் பக்கம் போனார்கள். தையற்காரம்மாவுக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டிய அவசியம் அப்போதுதான் வந்தது. தண்ணீர்க் குழாயும் படிக்கட்டுப் பக்கம்தானே இருக்கிறது.

"அன்னைக்கு மத்தியானம் அவளுக்கு என்ன குடுத்தே?"

"சாப்பாடு."

"அம்மா, நான் இப்பதான் அந்தப் பதிவைக் கேட்டுட்டு வர்றேன்."

குரலம்மா படியில் உட்கார்ந்தாள். முப்பது வருஷம் யார் யாருக்கோ வசனம் பேசியவள் இப்போது தன் வசனத்தைப் பேசினாள்.

"ரெண்டே ரெண்டுடா. அன்னைக்கு ஒண்ணு, மறுநாள் ஒண்ணு. எங்க காலத்துல எல்லாரும் போட்டதுதான். குரல் வரலைன்னா என் எடத்துல இன்னொருத்தி வந்து நின்னுடுவா அத்தைன்னு அழுதா. எனக்கு அந்தப் பயம் தெரியும். மனசு கேக்கலை."

"காலையில டாக்டர் கேட்டப்ப ஏன் சொல்லலை?"

"அவங்கம்மா பக்கத்துல நின்னாங்க."

எவ்வளவு சின்னக் காரணம் பாருங்கள். ஒரு உயிர் ஊசலாடும்போது சம்பந்தி முன்னால் தலைகுனியக் கூடாது என்று ஒரு நினைப்பு. ஆனால் நம் வீடுகளில் பெரிய பெரிய கெடுதல்கள் இந்த மாதிரிச் சின்னக் காரணத்துக்காகத்தான் நடக்கின்றன.

தண்ணீர் பாட்டில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. தையற்காரம்மா குழாயை மூடினாள். கத்தப்போகிறாள் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம், நானும் எதிர்பார்த்தேன். அவள் நேராகப் போய்க் குரலம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"டாக்டர்கிட்ட வாங்க சம்பந்தி. இதை அங்க சொல்லுங்க."

டாக்டரின் அறை என்று பெயர், உண்மையில் அது ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் தடுப்பும்தான். குரலம்மா சொல்லச் சொல்ல டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில் தலையை ஆட்டினாள், இல்லை என்பது போல.

"ரெண்டு மாத்திரை ஜுரத்தை மறைச்சிருக்கும். கிருமிக்கு வசதி பண்ணிக் குடுத்திருக்கும். அது தப்புத்தான். ஆனா ரெண்டு மாத்திரையால ரத்த அழுத்தம் இப்படி விழாது."

பிறகு பொறுமையாக விளக்கினாள். அந்த மருந்தை நம் உடம்பே தினமும் கொஞ்சம் சுரக்கிறது. ஜுரம், அடி, அதிர்ச்சி என்று வந்தால் அதிகமாகச் சுரந்து தாங்கிப் பிடிக்கிறது. வெளியிலிருந்து மாசக்கணக்கில் கொடுத்துக்கொண்டே வந்தால், அதுதான் வருகிறதே என்று உடம்பு வேலையை நிறுத்திவிடும். அப்புறம் படுக்கையில் விழுந்து மாத்திரையும் நின்றுபோனால், தாங்கிப் பிடிக்க உள்ளேயும் எதுவும் இருக்காது.

சந்தேகத்தின் பேரில் காலையில் அதே மருந்தை ஊசியாகப் போட்டிருக்கிறேன், லேசாக ஏறியிருக்கிறது என்றாள். அதனால்தான் சந்தேகம் பலப்படுகிறது. ஆனால் இன்னொரு சிக்கல் இருந்தது. கழுத்திலிருக்கும் கட்டி மேலே தலையை நோக்கி வளருகிறது. ரத்தத்தை இளக்கும் மருந்தைக் கொடுத்து அதைத் தடுக்க வேண்டும். மாசக்கணக்கில் அந்த மாத்திரையைச் சாப்பிட்டவளாக இருந்தால் வயிறு புண்ணாகியிருக்கும், ரத்தத்தை இளக்கினால் உள்ளேயே கசியும். கொடுத்தாலும் ஆபத்து, கொடுக்காவிட்டாலும் ஆபத்து.

"எவ்வளவு, எத்தனை மாசம்னு எனக்குத் தெரியணும். இன்னைக்கே தெரியணும்."

ஒலிப்பதிவுக்காரன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"ரெண்டுன்னு சொன்னியே."

"ரெண்டுதான்டா. என் குரல் மேல சத்தியம்."

அவளுக்கு அதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது. கணவர் சாகும்போதுகூட அந்தச் சத்தியம் செய்ததில்லை. ஆனால் காலையில் ஒரு தடவை முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள், மத்தியானம் உண்மையே சொன்னாலும் யார் நம்புவார்கள்? மகன் நம்பவில்லை. வெளியே நடைவழி ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டான். எத்தனை மாசம் என்று சொல், இல்லாவிட்டால் என்னிடம் பேசாதே என்றான். அவள் மறுபடியும் இரண்டு என்றுதான் சொன்னாள்.

தையற்காரம்மாவுக்கு மனசின் ஒரு மூலையில் திருப்தியாக இருந்தது. நான் சொல்லவில்லையா, இந்த வீட்டில்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று. கை இல்லாவிட்டால் மாத்திரை. மற்ற மூலைகளில் எல்லாம் பயம்தான்.

நோயாளி கண் விழித்திருக்கிறாள், ஒருவர் மட்டும் போய்ப் பார்க்கலாம், முடிந்தால் அவளிடமே கேளுங்கள் என்று டாக்டர் சொன்னாள். ஒலிப்பதிவுக்காரன் திரும்பவே இல்லை. அவன் இருந்த நிலையில் அனுப்புவதும் சரியில்லை. தையற்காரம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

மகளின் முகத்தில் மூச்சு முகமூடி. கழுத்தின் மறுபக்கம் குழாய் சொருகியிருந்தார்கள். இந்தப் பக்கம் வீக்கம் நேற்றைவிடக் கொஞ்சம் இறங்கியிருந்த மாதிரி இருந்தது, அல்லது தாய்க்கு அப்படித் தெரிந்தது. தலையைத் தடவிவிட்டாள். வந்த காரியத்தை முதலில் கேட்காமல், நேற்றிலிருந்து தொண்டையில் நின்றதைத்தான் கேட்டாள்.

"உண்மையைச் சொல்லு. உன் கழுத்துல யார் கை வெச்சது?"

அணிலின் கண்ணில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போயிற்று. யாரும் இல்லை என்று தலையாட்டினாள். முகமூடியைக் கொஞ்சம் தூக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். நர்ஸ் அந்தப் பக்கம் இருந்தாள். தையற்காரம்மா விளிம்பை மட்டும் விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அத்தை உனக்கு மாசக்கணக்கில் மாத்திரை கொடுத்தாளா என்று கேட்டாள்.

"அத்தை குடுத்தது ரெண்டுதாம்மா. மத்ததெல்லாம் நானே வாங்கினது."

குரல் என்று சொல்ல முடியாது. காகிதம் கசங்கும் சத்தம். நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். அணில் வேஷம் கிடைத்த முதல் மாசமே தொண்டை புண்ணாகிவிட்டது. அந்தக் கீச்சுக்குரல் அவளுடைய தொண்டைக்கு மிஞ்சினது. கூட வேலை செய்யும் ஒருத்தி மாத்திரை பெயரைச் சொல்லிக்கொடுத்தாள். அவசரத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்தது. ஆறு மாசமாக ஒலிப்பதிவு இருக்கிற நாளெல்லாம், அதாவது அநேகமாகத் தினமும். ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டதற்கு விரலைக் காட்டினாள்.

"நான் ஏற்கெனவே போட்டுக்கிட்டிருக்கேன்னு அத்தைக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னைக்குக் குடுத்திருக்கவே மாட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதேம்மா. இந்தக் குரல் உனக்குத் தாங்காதுன்னு அவர் முதல்லயே சொன்னார். நான்தான் சண்டை போட்டு வாங்கினேன். தெரிஞ்சா இனிமே என்னை மைக் பக்கமே விடமாட்டார்."

செத்துப் பிழைக்கிற நேரத்தில் மைக்கைப் பற்றிக் கவலை. தையற்காரம்மாவுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. மகள் அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சின்ன வயசில் பொம்மை வேண்டும் என்று நிற்கும்போதும் அப்படித்தான் பிடித்துக்கொள்வாள். சரி என்று தாய் தலையாட்டினாள். நர்ஸ் வந்து முகமூடியைச் சரியாகப் போட்டு அவளை வெளியே அனுப்பினாள்.

வெளியே வந்தவள் பெஞ்சுக்குப் போகவில்லை. நேராகத் தடுப்புக்குப் பின்னால் போய் டாக்டரிடம் ஒன்று விடாமல் சொன்னாள். மாத்திரையின் பெயர், எத்தனை மாசம், எத்தனை விரல். டாக்டர் எழுந்தே விட்டாள். இது போதும் என்றாள். ஊசியை இனி எப்படித் தொடர்வது, எவ்வளவு மெதுவாகக் குறைப்பது என்று இப்போது தெரிந்துவிட்டது, வயிற்றுக்குப் பாதுகாப்பு கொடுத்துவிட்டு ரத்தத்தை இளக்கும் மருந்தையும் ஆரம்பிக்கலாம் என்றாள்.

"யார் வாங்கிக் குடுத்ததும்மா?"

"அது உங்களுக்கு வேணுமா டாக்டர்?"

டாக்டர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தாள். வைத்தியத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

அப்புறம் நடந்தது காத்திருப்புத்தான். மூன்று பேரும் பழைய இடத்திலேயே. ஒலிப்பதிவுக்காரன் ஜன்னலோரம். தையற்காரம்மா பெஞ்சின் இந்தக் கோடி. குரலம்மா அந்தக் கோடி, ஒரே நாளில் பத்து வயசு கூடியவளாக. யாரோ டீ வாங்கிவந்து வைத்தார்கள். அது ஆறி ஆடை கட்டிக் கிடந்தது.

சாயங்கால வெயில் தரையில் நீளமாக விழுந்தபோது டாக்டர் வந்தாள். ரத்த அழுத்தம் நின்று பிடிக்கிறது, மருந்து ஆரம்பித்தாகிவிட்டது, இனி வாரக்கணக்கில் பொறுமை வேண்டும், ஆனால் காலையில் இருந்த பயம் இப்போது எனக்கு இல்லை என்றாள். நல்லவேளையாகச் சரியான நேரத்தில் சொன்னீர்கள் என்று பொதுவாக பெஞ்சைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தையற்காரம்மா முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதாள். சத்தமே வரவில்லை. ஒலிப்பதிவுக்காரன் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தான். அவனுக்கு டாக்டர் சொன்னதன் அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். அம்மா கடைசியில் ஒத்துக்கொண்டுவிட்டாள். தனக்குத் தெரியாமல் டாக்டரிடம் போய் எத்தனை மாசம் என்று சொல்லிவிட்டாள்.

"காலையிலேயே சொல்லியிருக்கலாமேம்மா." கோபம்கூட இல்லை அந்தக் குரலில். "அவ வீட்டுக்கு வந்ததும் நாங்க தனியாப் போயிடறோம்."

தான் எதையும் சொல்லவில்லை என்பது குரலம்மாவுக்குத் தெரியும். அப்படியானால் சொன்னது யார்? உள்ளே போய்வந்தது ஒரே ஒருத்திதான். மெல்லத் திரும்பினாள்.

"உள்ள அவ ஏதாவது சொன்னாளா, சம்பந்தி?"

இங்கேதான் தையற்காரம்மா மாட்டிக்கொண்டாள். ஒரே ஒரு வாக்கியம் போதும். மகனுக்குத் தாய் திரும்பக் கிடைப்பாள், வீடு இரண்டாகாது. அதே வாக்கியம் அணிலிடமிருந்து மைக்கைப் பிடுங்கிவிடும். சுண்டுவிரலில் மகளின் பிடி இன்னும் இருக்கிற மாதிரி இருந்தது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று பழமொழி. இந்த பெஞ்சில் அது தலைகீழாகக் கிடந்தது, நிமிர்த்திவைக்க வேண்டியவள் பெண்ணைப் பெற்றவள்.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஒளிப்பானேன். வாக்கு மட்டும் காரணமில்லை. 'வாயை மூடு' என்று என் பெண்ணை அதட்டினாயே, கொஞ்ச நாள் நீயும் வாயை மூடிக்கொண்டு இரு என்ற நினைப்பும் கொஞ்சம் இருந்தது. அது அவளுக்கே பிடிக்கவில்லை. இருந்தாலும் இருந்தது.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் சொல்லலை. பேசற நிலைமையில இல்லை அவ."

ஒலிப்பதிவுக்காரன் தலை நிமிரவில்லை. அவனுக்கு அது வெறும் பதில். ஆனால் குரலம்மா நிமிர்ந்தாள். இருட்டு அறையில் நின்று, திரையில் அசையும் உதடுகளைப் பார்த்துப் பார்த்து, அதில் குரல் பொருந்துகிறதா இல்லையா என்று முப்பது வருஷம் கவனித்த கண்கள் அவை. சம்பந்தியின் முகத்தை விட்டுவிட்டு வாயை மட்டும் பார்த்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க, சம்பந்தி" என்றாள்.